மூன்று வருடக் கணக்கு

அன்புள்ள ஆச்சி,

எனக்குச் சொந்த ஊர் புதுவயல். இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன், வயது 35. காரைக்குடியில் பி.எஸ்சி. வேதியியல் படித்து 2011-ல் முதல் வகுப்பில் தேறினேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று இத்தனை வருடம் வீட்டோடு போய்விட்டது. சென்ற வருடம் கிரீன் கார்டு வந்தது. வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்கள் 16 மாதத்தில் நர்சிங் பட்டம் வாங்கும் துரிதப் படிப்பு இங்கே இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு ஊருக்கு வந்திருந்தபோது ஆயாவுக்கு (பாட்டிக்கு) பக்கவாதம் வந்து படுத்துவிட்டார்கள். ஐந்து மாதம் நான்தான் கூட இருந்து பார்த்தேன். எண்ணம் அதிலிருந்து வந்ததுதான். கல்யாண மொய் எழுதி மிச்சமிருந்த நோட்டில் தினமும் எல்லாவற்றையும், படுக்கைப் புண் வராமலிருக்க ஆயாவைத் திருப்பிப் படுக்கவைத்ததையும்கூட, குறித்துவைத்தேன். 'இரவு 2 மணி, தூங்கிவிட்டேன், திருப்பவில்லை' என்றுகூட ஒரு நாள் எழுதியிருக்கிறேன், இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்று காலையில் ஆயாவுக்கு இடுப்புக்குக் கீழே சிவந்திருந்ததைப் பார்த்துப் பயந்துபோனேன். நல்லவேளை, கடைசிவரை புண் வரவில்லை.

'பட்டம் படிச்ச பிள்ளை பீ மூத்திரம் அள்ளப் போறதா' என்று மாமியார் போனில் கேட்கிறார்கள். என் வீட்டுக்காரர், 'படி, ஆனா இந்த வயசுல முடியுமா பாரு' என்கிறார். விண்ணப்பக் கட்டுரையை இணைத்திருக்கிறேன். நீங்கள் நர்சாக இருந்தவர்கள் என்பதால் கேட்கிறேன். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் நீக்கியிருக்கிறேன்.)

*

அன்புள்ள புதுவயல் பெண்ணுக்கு,

உங்கள் கடிதம் நன்றாக இருக்கிறது. கட்டுரை நன்றாக இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன், காரியத்தை முதலில் பேசிவிடலாம்.

16 மாதம் என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். இந்தப் படிப்பு புதிதாக முளைத்ததும் இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-லேயே தொடங்கிவிட்டது. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவருக்கு மறுபடி இங்கிலீஷும் வரலாறும் நடத்த வேண்டியதில்லை என்று அந்தப் பகுதியைக் கழித்துவிடுகிறார்கள். நர்சிங் பாடத்திலும் வார்டிலும் கழிவு கிடையாது. கோடை விடுமுறையையும் சேர்த்து விழுங்கித்தான் 16 மாதம் கணக்காகிறது. அந்த நாட்களில் வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கல்லூரிகளே சொல்லும். பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

உங்களிடம் இருப்பது மூன்று வருடப் பட்டம். அங்கே பட்டம் என்றால் நான்கு வருடம். நம் பட்டத்தை அங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று பாடவாரியாகப் பார்த்துச் சான்று தரவேண்டும். ஒரு நிறுவனம் அதை முழுப் பட்டம் என்று எழுதும், இன்னொன்று அதே மதிப்பெண் பட்டியலைப் பார்த்து மூன்று வருடப் படிப்பு என்று மட்டும் எழுதிவிடும். முழுப் பட்டம் என்று வராவிட்டால் இந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. எந்தெந்த நிறுவனத்தின் சான்றை ஏற்பீர்கள் என்று கல்லூரிகளிடம் முதலில் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற பாடங்களுக்குப் பணம் கட்டுவதெல்லாம் அதற்கப்புறம். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே உறையிலிட்டு முத்திரை வைத்து அனுப்ப வேண்டியிருக்கும். காரைக்குடியில் யாராவது நேரில் போய் நின்றால்தான் அது நகரும், தம்பி இருந்தால் இப்போதே சொல்லிவையுங்கள்.

அடுத்தது, சேர்வதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய பாடங்கள். அனாட்டமி அண்ட் பிசியாலஜி இரண்டு பாகம், மைக்ரோபயாலஜி, வேதியியல், ஸ்டாடிஸ்டிக்ஸ், சைக்காலஜி, பல இடங்களில் நியூட்ரிஷனும். வேதியியல்தான் என்னிடம் இருக்கிறதே என்பீர்கள். 2011 பாடம் அது. அறிவியல் பாடங்களுக்கு ஐந்து வருடம், ஏழு வருடம், பத்து வருடம் என்று கல்லூரிக்குக் கல்லூரி ஒரு கெடு வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டினால் செல்லாது. அனாட்டமி முதல் பாகத்தை முடிக்காமல் இரண்டாம் பாகத்தில் உட்கார முடியாது, ஆக அதற்கே இரண்டு செமஸ்டர் போய்விடும். பக்கத்தில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜில், ஆய்வகத்தோடு சேர்த்துப் படியுங்கள். செலவும் குறைவு, வீட்டுக்காரரின் 'இந்த வயசுல முடியுமா' கேள்விக்கும் அங்கேயே பதில் தெரிந்துவிடும். எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்ய முடிகிறதா என்று 35 வயதில் சோதித்துப் பார்க்க அதைவிட மலிவான இடம் இல்லை.

கூட்டிப் பாருங்கள். முன்பாடங்களுக்கு ஒரு வருடம். விண்ணப்பித்துக் காத்திருக்க அரை வருடத்துக்கு மேல். அப்புறம் 16 மாதம். முடித்த பிறகு என்கிளெக்ஸ் தேர்வு எழுதித்தான் உரிமம் வாங்க வேண்டும். கிட்டத்தட்ட மூன்று வருடம். நம் ஊர்க்காரர்களுக்கு இது பழகின கணக்குதான். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போனவர்கள் மூன்று வருடக் கணக்கில்தானே கப்பலேறினார்கள்? போகும்போதே சம்பளச் சீட்டில் எழுதிக்கொண்டு போவார்கள், முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். நீங்களும் அப்படி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று மட்டும். பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை முதல் பட்டம் படிப்பவர்களுக்கு. வெளிநாட்டில் வாங்கியதும் பட்டம்தான் என்பதால் உங்களுக்குக் கிடைக்காது. கிரீன் கார்டு இருப்பதால் அரசுக் கடன் கேட்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, உதவித்தொகை வரும் என்று நம்பி இறங்கிவிடாதீர்கள்.

சரி, மாமியார்.

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. அள்ளத்தான் வேண்டும். நான் 31 வருடம் அள்ளினேன். ஓய்வு பெற்றுக் கதை எழுத ஆரம்பித்த பிறகு, நான் முன்பு செய்த வேலையை மேடையில் 'மருத்துவத் துறை' என்று மெதுவாக மாற்றிச் சொல்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே 'நர்சு' என்று திருத்துவேன். உங்கள் மாமியாரோடு வாதாட வேண்டாம். அவர்கள் வீட்டுப் பெரியவர்களில் கடல் தாண்டிப் போனவர் யாராவது இருந்தால், அங்கே முதலில் என்னவாகச் சேர்ந்தார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பெட்டியடிப் பையனாகத்தான் சேர்ந்திருப்பார். கடையைக் கூட்டி, தண்ணீர் எடுத்து வைத்து, பெரியவர்களுக்கு எடுபிடி வேலை செய்துகொண்டே கணக்குப் பழகி, அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேலாள். முகப்பில் மாட்டியிருக்கும் படத்தில் அங்கவஸ்திரம்தான் தெரியும். விளக்குமாறு தெரியாது.

இனி கட்டுரை. 'சிறு வயது முதலே பிறருக்குச் சேவை செய்வதில் எனக்கு ஆர்வம்' என்று தொடங்கியிருக்கிறீர்கள். இரண்டாம் பத்தியில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் விளக்கோடு வருகிறார். பாவம், அவரை எத்தனை விண்ணப்பத்தில்தான் நடக்கவிடுவது? நாலு பக்கத்தில் ஆயா ஒரே ஒரு வரியில் இருக்கிறார்கள், அதுவும் 'என் பாட்டியின் நோய் என்னைப் பாதித்தது' என்று. நோட்டைக் காணவே காணோம். எனக்கு எழுதிய கடிதத்தில், சிரிப்பு வருகிறது என்று சொல்லித் தள்ளிவிட்டீர்களே, அந்த வரிதான் உங்கள் விண்ணப்பம்.

ஏன் என்று சொல்கிறேன். நான் மாணவியாக இருந்தபோது ஒரு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி. ஆபரேஷன் முடிந்து வந்தவர் ஒருவருக்கு மணிக்கொரு தடவை குழாய் வழியே பையில் எவ்வளவு சிறுநீர் இறங்கியது என்று சார்ட்டில் எழுத வேண்டும். வார்டில் நாற்பது பேர், நான் ஒருத்தி. மூன்று மணிக்குப் பையைக் குனிந்து பார்க்காமல், இரண்டு மணிக் கணக்கைப் பார்த்து உத்தேசமாக 60 மில்லி என்று எழுதினேன். நாலு மணிக்கும் அதே 60. ரவுண்டு வந்த சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார், பையைப் பார்த்தார், போர்வையை விலக்கினார். குழாய் நோயாளியின் தொடைக்கடியில் மடிந்து கிடந்தது. பையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. அடிவயிறு கல்லாக உப்பியிருந்தது. சிஸ்டர் குழாயை நிமிர்த்திவிட்டுப் பேனாவை என் கையில் கொடுத்து, 'இப்ப எழுது' என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிதர் பிழைத்து வீட்டுக்குப் போனார். அந்த இரண்டு 60-ஐ நான் இன்னும் மறக்கவில்லை.

யாருமே பார்க்காத ஒரு வீட்டு வளவில், யாரும் கேட்காத ஒரு நோட்டில், 'தூங்கிவிட்டேன், திருப்பவில்லை' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். 'திருப்பினேன்' என்று எழுதியிருந்தால் கண்டுபிடிக்க ஆளே இல்லை. இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் நர்சிங் கல்லூரிகள் பாடுபடுகின்றன. விடிந்ததும் சிவப்பைப் பார்த்தீர்கள் என்றால், இரவு தவறிய ஞாபகத்தில் தேடிப் பார்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்புறம் என்ன செய்தீர்கள்? விரலால் அழுத்திப் பார்த்தீர்களா? அழுத்தி எடுக்கும்போது வெளுத்து மறுபடி சிவந்தால் அங்கே ரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண்ணின் முதல் படி. அது உங்களுக்கு அன்று தெரிந்திருக்காது. தெரியாமலேயே ஆயாவை ஒருக்களித்துப் படுக்கவைத்திருப்பீர்கள், தலையணையை முதுகுக்கு அண்டை கொடுத்திருப்பீர்கள், அடுத்த இரவுக்கு அலாரம் வைத்திருப்பீர்கள். செய்தது எது, அன்று தெரியாமல் போனது எது, எல்லாவற்றையும் நடந்தபடி எழுதுங்கள். தெரியாததைக் கற்கத்தான் விண்ணப்பிக்கிறேன் என்று முடித்தால் போதும், ஆர்வம் என்ற சொல்லே தேவைப்படாது. நாலு பக்கம் வேண்டாம், அவர்கள் கேட்ட அளவுக்கு ஒரு வரி கூடப் போகக்கூடாது.

ஆயா பெயர் வேண்டாம். மொய் நோட்டு என்றால் என்ன என்று மட்டும் அரை வரியில் சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்று பைசா சுத்தமாக எழுதிவைக்கும் நோட்டு என்று. வெள்ளைக்காரர்களுக்கு அது பிடிக்கும்.

திருத்தியதை அனுப்புங்கள், பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆச்சி

பி.கு.: வார்டுக்குள் விடுவதற்கு முன் தடுப்பூசிக் கணக்கு கேட்பார்கள். ஹெபடைடிஸ் பி மூன்று ஊசியாகப் போட்டால் ஆறு மாதம் ஆகும், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். காசநோய்க்குக் கையில் ஊசி குத்திப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. பிறந்ததும் பி.சி.ஜி. போட்டுக்கொண்ட நமக்கு அதில் நோய் இல்லாமலேயே தடித்துக் காட்டலாம். தோளில் இருக்கும் தழும்பைக் காட்டி, ரத்தப் பரிசோதனையாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.