கேமரா கேள்வி – பதில்: மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டுமா?

கேள்வி: அப்பா வைத்திருந்த நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமரா இப்போது என் கையில். எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 3, கூடவே சிலிண்டர் (அஸ்டிக்மாட்டிசத்துக்கான பவர்) 1.25. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் மூலைகள் தெரிவதில்லை, கழற்றினால் எல்லாமே மங்கல். கண்ணாடி இல்லாமல் ஃபோகஸ் பண்ணினால் என் பவருக்கு ஏற்றபடி படமும் தப்பாக விழுமா?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: விழாது. இந்தப் பயம் நிறைய பேருக்கு இருக்கிறது, முதலில் அதை விட்டுவிடுங்கள். லென்ஸ் வழியாக வரும் பிம்பம் கேமராவுக்குள் சாய்ந்திருக்கும் முகம்பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்றில் பட்டு மேலே ஃபோகஸிங் ஸ்கிரீனில் விழுகிறது. லென்ஸிலிருந்து அந்த ஸ்கிரீனுக்கு எவ்வளவு தூரமோ அதே தூரம்தான் ஃபிலிமுக்கும். அதாவது நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது எதிரே நிற்கும் ஆளை அல்ல, அந்தச் சின்ன ஸ்கிரீனை. அதுவே உங்கள் கண்ணுக்கு மங்கல் என்றால் லென்ஸை எவ்வளவு திருகினாலும் தெளியாது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் குத்துமதிப்பாக நிறுத்துவீர்கள், படம் அவுட் ஆவது அதனால்தான்.

உங்கள் கண்ணுக்கு ஸ்கிரீன் தெரிகிறதா என்று பார்க்க ஃபிலிமே வேண்டாம். கேமராவை வெளிச்சமான வெற்றுச் சுவர் பக்கம் திருப்பி, ஸ்கிரீனின் நடுவே தெரியும் சின்ன வட்டத்தின் விளிம்பும் அதைக் குறுக்கே பிரிக்கும் கோடும் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கவலையே இல்லை.

சிலிண்டர் 1.25 என்கிறீர்களே, அதனால் கண்ணாடியோடேயே எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஐபீஸில், அதாவது வியூஃபைண்டரில் கண் வைக்கும் இடத்தில், திருகிப் போடும் பவர் லென்ஸ் கிடைக்கிறது, ஆனால் அது வெறும் பிளஸ்–மைனஸை மட்டும் சரிசெய்யும், சிலிண்டரைத் தொடாது. சிலிண்டர் இல்லாத வாசகர்களுக்கு அது நல்ல வழி. ஃபோர்ட் பக்கம் பழைய கேமராக் கடைகளில் தேடுங்கள், வாங்கும் முன் கேமராவில் போட்டுப் பார்த்துவிடுங்கள். இதில் ஒரு குழப்பம் உண்டு: இந்தக் கேமராவின் வியூஃபைண்டரிலேயே ஏற்கெனவே மைனஸ் 1 இருக்கிறது, நிக்கான் தன் ஐபீஸ் பவர் லென்ஸில் எழுதுவது அதையும் சேர்த்த கணக்கு. ஆகவே மைனஸ் 3 கண்ணுக்கு மைனஸ் 3 என்று எழுதியதையே கேட்கலாம், நீங்களாகக் கழிக்க வேண்டாம். வெறும் மைனஸ் 1 உள்ளவர்களுக்கு எதுவுமே தேவைப்படாது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்படியே பார்க்கலாம்.

மூலைகள் தெரியாதது நிஜமான தொல்லை, ஆனால் ஃபோகஸைக் கெடுக்காது, நடுவட்டம் தெரிந்தால் போதும். மாட்டுங்காவில்தானே இருக்கிறீர்கள், ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைகளில் பழகிப் பாருங்கள். தொங்கும் மல்லிச்சரம் ஒன்றை வட்டத்துக்குள் கொண்டுவந்தால், ஃபோகஸ் தப்பியிருக்கும்போது சரம் நடுவில் வெட்டுப்பட்டு மேல்பாதி ஒரு பக்கம், கீழ்பாதி ஒரு பக்கம் நிற்கும். மெதுவாகத் திருக இரண்டும் ஒரே சரமாகச் சேரும், அங்கே நிறுத்துங்கள். வட்டத்தின் ஒரு பாதி கறுத்துப்போனால் கண் நடுவில் இல்லை என்று அர்த்தம், கண்ணாடி போட்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், தலையைச் சற்று நகர்த்தினால் சரியாகிவிடும். ஃபோகஸ் முடிந்தபின் கண்ணை லேசாக வலப்பக்கம், இடப்பக்கம் ஓட்டி ஓரங்களையும், வெளிச்சம் சரியா என்று காட்டும் மீட்டர் விளக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்எம்2 வியூஃபைண்டர் எப்படியும் ஃபிலிமில் விழுவதில் 93 சதவீதம்தான் காட்டும், ஆகவே ஓரத்தில் நீங்கள் பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பதிவாகும்.

இன்னொன்று. கண்ணாடி போட்டால் கண்ணுக்கும் ஐபீஸுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது, வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் அந்த வழியே வெளிச்சம் நுழைந்து மீட்டரை ஏமாற்றும், படம் இருட்டாக வரும். மீட்டர் பார்க்கும் அந்த நேரம் இடது கையால் மறைத்துக்கொண்டால் போதும்.

கண்ணாடிக்காரர்களுக்கென்றே நிக்கான் எஃப்3 எச்பி என்று ஒரு மாடல் செய்தது. கண் 25 மி.மீ. தள்ளி இருந்தாலும் முழுச் சட்டமும் தெரியும், பிம்பம் மட்டும் சற்றுச் சிறியதாக இருக்கும். அருமையான கேமராதான். அதற்காக அப்பாவின் எஃப்எம்2-ஐ ஓரங்கட்ட வேண்டாம்.

கேள்வி: வயது 54, ப்ரோகிரசிவ் கண்ணாடி (மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை). மேல்பகுதி வழியாகப் பார்த்தாலும் கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தாலும் ஸ்கிரீன் சரியாகத் தெரியவில்லையே?
– வாசகர், செம்பூர், மும்பை

பதில்: ஸ்கிரீன் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தாலும், பெரும்பாலான கேமராக்களில் அதன் பிம்பம் சுமார் 1 மீட்டர் தள்ளி இருப்பதுபோலத்தான் தெரியும். கீழ்ப்பகுதி கைக்கெட்டும் தூரத்துப் புத்தகத்துக்கு, மேல்பகுதி தெருமுனைக்கு. உங்களுக்கு வேண்டியது நடுப்பகுதி. மோவாயை லேசாக உயர்த்தி, கேமராவை மேலும் கீழுமாகத் துளி நகர்த்தினால் அந்த இடம் பிடிபடும். அடிக்கடி எடுப்பவர் என்றால் கண் டாக்டரிடம் 1 மீட்டர் தூரத்துக்கு மட்டும் ஒரு தனிக் கண்ணாடி எழுதி வாங்குங்கள்.

தெருவில் எடுக்கும்போது பார்த்து ஃபோகஸ் பண்ணவே தேவையில்லை. 35 மி.மீ. லென்ஸில் அப்பர்ச்சரை (லென்ஸ் துவாரத்தை) எஃப்/8-ல் வைத்து, தூரத்தை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால் சுமார் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவாக வரும். நல்ல வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 400 வேக ஃபிலிமுக்கு இது தாராளம்.

கேள்வி: ஐபீஸின் உலோக விளிம்பு பட்டு என் கண்ணாடியில் கீறல் விழுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, முலுண்ட், மும்பை

பதில்: உங்கள் மாடலுக்கான ரப்பர் வளையம் கிடைத்தால் அதைப் போடுங்கள், கிடைக்காவிட்டால் விளிம்பைச் சுற்றி மெல்லிய ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி ஒட்டிவிடுங்கள். பெரிய ரப்பர் கப் வேண்டாம், அது கண்ணை இன்னும் தள்ளி வைத்து இருக்கிற மூலைகளையும் மறைத்துவிடும்.