வாசகர் கேள்வி: சீனாவில் எத்தனை மொழிகள்?

கேள்வி: சீனர்கள் அனைவரும் பேசுவது ஒரே மொழிதானா? சிறுபான்மையினரின் மொழிகளுக்கு அங்கே உரிமை உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சீன மொழி என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் பல மொழிகளின் தொகுதி. சீனாவின் பொதுமொழியான மாண்டரின் மட்டுமே அறிந்தவருக்கு ஷாங்காய்ப் பகுதியில் பேசப்படும் ஊ மொழியோ குவாங்சோவின் கான்டோனீஸோ பழகாமல் புரியாது. எழுத்து பொதுவாக இருப்பதாலும், அரசு இவற்றை வட்டார வழக்குகள் என்றே வகைப்படுத்துவதாலும் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை.

பெரும்பான்மையினரான ஹான் சீனரைத் தவிர 55 சிறுபான்மை இனங்களைச் சீன அரசு அங்கீகரித்துள்ளது. புழக்கத்திலுள்ள யுவான் நோட்டின் பின்புறத்தைப் பார்த்தால், மேலிருந்து கீழாக எழுதப்படும் மங்கோலியம், இந்திய எழுத்து மரபில் பிறந்த திபெத்திய எழுத்து, அரபு எழுத்தைத் தழுவிய உய்குர், ரோமன் எழுத்தில் அமைந்த ஜுவாங் ஆகிய நான்கும் சீனாவின் மைய வங்கியான மக்கள் வங்கியின் பெயரைத் தாங்கி நிற்பதைக் காணலாம். இவற்றில் ஜுவாங், தாய்லாந்து மொழிக்கு உறவானது. உய்குர், துருக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தது.

நோட்டில் இடம்பெறாத மொழிகளில் மஞ்சுவின் கதை வேதனையானது. 1644 முதல் 1912 வரை சீனாவை ஆண்ட சிங் வம்சத்தின் தாய்மொழி அது. இன்று மஞ்சு இனத்தவர் ஒரு கோடி அளவில் இருந்தும், அதைத் தாய்மொழியாகப் பேசுவோர் வடகிழக்கில் விரல்விட்டு எண்ணத்தக்க முதியவர்களே. ஆனால் 1764இல் எல்லைக் காவலுக்காக வடமேற்கிலுள்ள சின்ஜியாங்கின் இலி பள்ளத்தாக்குக்கு அனுப்பப்பட்ட சிபே என்ற இனத்து வீரர்களின் வழித்தோன்றல்கள், மஞ்சுவுக்கு மிக நெருங்கிய தம் மொழியை இன்றும் பேசுகின்றனர்.

உரிமையைப் பொறுத்தவரை, எல்லா இனங்களும் தத்தம் மொழியைப் பயன்படுத்தவும் வளர்க்கவும் சுதந்திரம் உண்டு என்று 1982ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 4ஆவது பிரிவு கூறுகிறது. நாடெங்கும் பொதுமொழியைப் பரப்ப வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. நடைமுறையில் பின்னதன் கையே ஓங்கியிருக்கிறது. 2020இல் சீனாவின் வடக்குப் பகுதியான உள் மங்கோலியாவின் மங்கோலிய வழிப் பள்ளிகளில் மொழிப்பாடம், அரசியல், வரலாறு ஆகியவற்றைப் படிப்படியாக மாண்டரின் பாடநூல்களுக்கு மாற்ற அரசு உத்தரவிட்டது. பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்துப் போராடியும் உத்தரவு திரும்பப் பெறப்படவில்லை. வேலைவாய்ப்புக்குப் பொதுமொழி வேண்டும் என்ற அரசின் வாதத்தை நான் மறுக்கவில்லை. அதைத் தனிப் பாடமாக நன்கு கற்பித்தாலே போதுமே. தாய்மொழி வழியில் நடந்துவந்த வகுப்புகளைப் பறிப்பதற்கு அது நியாயமாகாது.