கூறைப்புடவையும் வெள்ளை வேட்டியும் ஒரே ஃப்ரேமில்: கல்யாண வீடியோவுக்குக் கேமராவை அமைப்பது எப்படி?

கேள்வி: மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துவருகிறேன். சமீபத்தில் சோனி என்எக்ஸ்100 கேமராவை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மண்டபத்தில் எடுத்தால் முகம் சிவந்துபோகிறது. மாப்பிள்ளையின் வேட்டி சட்டை மடிப்பே தெரியாமல் வெள்ளைத் திட்டாக வருகிறது. அலங்கார விளக்குகள் உள்ள இடத்தில் கோடு கோடாக ஓடுகிறது. தாலி கட்டும்போது ஜூம் போனால் படம் இருட்டிவிடுகிறது. இணையத்தில் கிடைத்த பிக்சர் புரொஃபைல்களை (நிறம், கூர்மை முதலியவற்றின் தயார் செட்டிங் தொகுப்புகளை) போட்டுப் பார்த்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: யாரோ ஒருவர் தன் ஊர் வெளிச்சத்துக்காக அமைத்த புரொஃபைல் உங்கள் மண்டபத்துக்குப் பொருந்தாது. நம் மணவறையில் மாநிறமோ கறுப்போ ஆன முகம், தும்பைப்பூ வேட்டி, அரக்குச் சிவப்புப் புடவை, தங்கம், நெருப்பு எல்லாம் ஒரே ஃப்ரேமில் இருக்கின்றன. இதில் முகத்துக்காகத்தான் கேமராவை அமைக்க வேண்டும். மற்றதெல்லாம் முகத்துக்கு அடங்கிப் போகட்டும்.

முதலில் கோடு ஓடும் பிரச்சினை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. செகண்ட் ஹேண்டில் வந்த கேமரா 60-இல் இருந்தால், 1/60 ஷட்டர் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாது. ஒரு ஃப்ரேமுக்கு விழும் வெளிச்சம் அடுத்த ஃப்ரேமுக்கு விழாது. மெனுவில் 60, 50 என்று மாற்றும் இடத்தைத் தேடி 50-க்குக் கொண்டுவாருங்கள். சடங்குகளுக்கு 25பி (நொடிக்கு 25 ஃப்ரேம்), ஷட்டர் 1/50. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தைப் பிறகு மெதுவாக ஓட்டிக் காட்டும் எண்ணம் இருந்தால் 50பி, ஷட்டர் 1/100. இரண்டாவது கேமராவும் இதே கணக்கில் இருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கோடு ஓடினால் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டரில் ஓடும்போது 50 ஹெர்ட்ஸ் நிலையாக நிற்காது, கொஞ்சம் ஏறி இறங்கும். டிம்மர் வைத்த எல்இடி மேடை விளக்குகளும் எல்இடி திரைகளும் கரண்டின் துடிப்பைப் பின்பற்றாமல் தம் சொந்த வேகத்தில் துடிக்கும். முதலாவதற்கு 1/100-ஐ விட்டு 1/50-க்கு இறங்கிப் பாருங்கள். இரண்டாவதற்கு அலங்காரக்காரரிடம் சொல்லி, டிம்மரை முழுதாக ஏற்றச் சொல்லியோ அந்த வரிசையை மட்டும் அணைக்கச் சொல்லியோ பார்க்கலாம். முகூர்த்த நேரத்தில் இதைக் கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். முதல் நாள் மாலை, ரிசப்ஷனுக்கு முன்பே பேசிவிடுங்கள்.

அடுத்து ஒயிட் பேலன்ஸ், அதாவது எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுப்பது. ஆட்டோவில் விடவே வேண்டாம். ஃப்ரேமில் சிவப்புப் புடவை நிறைந்தால் கேமரா பச்சை நீலம் பக்கம் நகரும், பந்தல் துணி வந்தால் மறுபடி மாறும். எடிட்டிங்கில் ஒவ்வொரு ஷாட்டையும் திருத்திக்கொண்டிருக்க நேரிடும். பலரும் வேட்டியைக் காட்டி ஒயிட் செட் செய்கிறார்கள். சலவையில் நீலம் போட்ட வேட்டியும், சோப்புத்தூளில் உள்ள வெண்மையூட்டி ஏறிய வேட்டியும் உண்மையில் நீலச் சாயல் கொண்டவை. அதை வெள்ளை என்று கேமராவுக்குக் கற்றுக்கொடுத்தால், நீலத்தைக் கழிக்கப் போய் முகத்தில் மஞ்சளும் சிவப்பும் ஏறும். உங்கள் படத்தில் முகம் சிவப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். பளபளப்பில்லாத சாம்பல் அட்டை ஒன்றை வாங்கி, மணமக்கள் உட்காரும் பலகையில் உங்கள் வீடியோ லைட் நேராக விழும்படி பிடித்து, ஃப்ரேம் நிறைய அதை வைத்து ‘ஏ’ நினைவகத்தில் பதியுங்கள். ஊஞ்சல், மாலை மாற்றல் போன்றவை வெளியில் பகல் வெளிச்சத்தில் நடந்தால் அதே அட்டையைக் கொண்டு ‘பி’-யில் பதியுங்கள். இடம் மாறும்போது சுவிட்சைத் தட்டினால் போதும். ஹோம நெருப்பின் வெளிச்சம் ஏறக்குறைய 2000 கெல்வின்தான், அது ஆரஞ்சாகத்தான் தெரியும். அதைத் திருத்தப் போகாதீர்கள்.

மண்டபத்தில் ஒரு பக்கம் மஞ்சள் ஹாலோஜன், மறுபக்கம் பகல்நிற எல்இடி என்று கலந்திருந்தால் எந்த ஒயிட் பேலன்ஸும் முகத்தின் இரண்டு கன்னங்களையும் சரியாகக் காட்டாது. எதையாவது ஒன்றை அணைத்தாக வேண்டும்.

இனி எக்ஸ்போஷர். ஐரிஸ் (லென்ஸின் திறப்பு), கெயின் (மின்னணு முறையில் வெளிச்சத்தைக் கூட்டுவது), ஷட்டர் மூன்றையும் மேனுவலுக்குக் கொண்டுவாருங்கள். எல்சிடி திரையின் பிரகாசத்தை நம்பாதீர்கள், கண் ஏமாறும். குறிப்பிட்ட பிரகாசத்தைத் தொடும் இடங்களில் திரையில் கோடு காட்டும் ஜீப்ராவை 70-இல் வையுங்கள். சிவந்த மேனிக்கு எழுதப்பட்ட பழைய பாடங்களில் கன்னம் முழுக்க 70 கோடு வரலாம் என்றிருக்கும். நம் மாநிறத்துக்கு அது அதிகம், முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறிவிடும். வியர்வையும் எண்ணெயும் மினுங்கும் நெற்றி மேடு, மூக்குத் தண்டு ஆகிய இடங்களில் மட்டும் கோடு தொட்டுத் தொட்டு மறைந்தால் சரியான அளவு. கறுத்த முகத்துக்கு 70 கோடு வரவே தேவையில்லை. பிறகு ஜீப்ராவை 100-க்கு மாற்றி வேட்டியைப் பாருங்கள். மடிப்பு முழுவதும் கோடாக இருந்தால் முகத்தை இருட்டாக்காமல் வேட்டியைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது.

அதுதான் ‘நீ’ எனப்படும் செட்டிங். பிரகாசமான பகுதிகளை மட்டும் அழுத்தி உள்ளே கொண்டுவருவது அதன் வேலை. ஆட்டோவில் விட்டால் ஷாட்டுக்கு ஷாட் அதன் அளவு மாறும். மேனுவலில் பாயிண்ட் (அழுத்தம் தொடங்கும் பிரகாசம்) 85, ஸ்லோப் (அழுத்தத்தின் அளவு) 0 என்று தொடங்குங்கள். பாயிண்டை 75 வரை இறக்கினால் நெற்றி மினுக்கமும் அதற்குள் சிக்கி, முகம் தட்டையாகிவிடும். ஸ்லோப்பை மைனஸ் பக்கம் அதிகம் கொண்டுபோனால் வேட்டி சாம்பல் பூத்துப் பழையதாகத் தெரியும். தாலிக்கொடியிலும் ஒட்டியாணத்திலும் வரும் சின்னச் சின்ன மின்னல்கள் எரிந்து போனாலும் பரவாயில்லை, தங்கம் அப்படித்தான் மின்ன வேண்டும்.

புரொஃபைலில் தொட வேண்டியவை இன்னும் இரண்டே. முதலாவது டீடெயில். என் கணிப்பில் கல்யாண வீடியோ ‘வீடியோ மாதிரி’ மலிவாகத் தெரிவதற்குப் பெரிய காரணம் இதுதான். கேமரா ஒவ்வொரு விளிம்பிலும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்டுச் செயற்கையாகக் கூர்மை காட்டுகிறது. மாலைப் பூவின் இதழ், புருவம், முகப்பரு எல்லாம் வெட்டி ஒட்டியதுபோல நிற்கும். மைனஸ் 3-க்கு இறக்கி, ஒரு நிமிடக் காட்சியை வீட்டு டிவியில் போட்டுப் பாருங்கள். கொரநாட்டுக் கட்டம் போட்ட கூறைப்புடவைக்கு இது இரட்டிப்பு அவசியம். நெருக்கமான அந்தக் கட்டங்கள் சென்சாரின் புள்ளி வரிசையோடு மோதி, துணியில் வானவில் அலை ஓடுவதுபோலக் காட்டும். டீடெயிலைக் குறைத்தும் அலை ஓடினால் ஜூமைக் கொஞ்சம் நகர்த்துங்கள், அல்லது ஓரடி முன்னே பின்னே போங்கள்.

இரண்டாவது சாச்சுரேஷன், அதாவது நிறத்தின் அடர்த்தி. அரக்குச் சிவப்பில் சரிகையும் நூலும் கரைந்து ஒரே சிவப்புக் கட்டியாக வந்தால், சிவப்பு மட்டும் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஒன்றிரண்டு படி குறைத்தால் நெசவு திரும்பத் தெரியும். ஃப்ளாட்டாக (நிறமும் கான்ட்ராஸ்டும் குறைத்து) எடுத்துப் பிறகு கலர் செய்யலாம் என்ற யோசனை இந்தக் கேமராவுக்கு உதவாது. இது பதிவது 8 பிட், இழுத்தால் முகத்தில் படிப்படியாகப் பட்டை விழும். வேண்டிய நிறத்தை எடுக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

ஜூமில் இருட்டுவதற்குக் கேமராவில் பழுது ஏதும் இல்லை. இந்த லென்ஸின் திறப்பு வைடில் எஃப்2.8, முழு ஜூமில் எஃப்4.5. ஒரு ஸ்டாப்புக்கும் மேலாக, அதாவது பாதிக்கும் மேலாக வெளிச்சம் போய்விடுகிறது. அதைக் கெயினால் ஈடுகட்டினால் புள்ளிகள் பெருகும். 6 டிபி கெயின் ஒரு ஸ்டாப்புக்குச் சமம். 9 டிபி வரை பொறுக்கலாம், 12-ஐ அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வழி, முகூர்த்தத்துக்கு முன்பே மணவறைக்குப் பக்கவாட்டில் இடம் பிடித்து, பாதி ஜூமுக்குள் எடுப்பது. விளக்கையும் நகர்த்துங்கள். மூன்று மீட்டரில் நிற்கும் சின்ன எல்இடி பேனலை ஒன்றரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்கு, அதாவது 12 டிபி கெயினை அப்படியே மிச்சப்படுத்தலாம். கேமராவின் தலைக்கு மேல் நேராக வைக்காமல், பக்கவாட்டில் 45 டிகிரியில், நின்றிருப்பவர் தலைக்கும் மேலான உயரத்தில், முன்னே வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டி வையுங்கள்.

ஹோமப் புகை எழும்போது ஆட்டோ ஃபோகஸ் புகையைப் பிடிக்கும், ஆளை விட்டுவிடும். மேனுவலுக்கு மாறி, முழு ஜூமில் மணப்பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் வைத்துவிட்டு ஜூமைத் திறந்துகொள்ளுங்கள். ஃபோகஸான விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் பீக்கிங்கின் நிறம் சிவப்பாக இருந்தால் புடவையில் அது கண்ணுக்கே தெரியாது, வெள்ளைக்கு மாற்றுங்கள்.

வெளியில் வயல்வெளியில் எடுக்கும் ஷாட்டுகளுக்கு, நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்டி ஃபில்டரை மறக்காதீர்கள். உச்சி வெயிலில் 1/50 ஷட்டரோடு என்டி இல்லாமல் எடுத்தால் ஐரிஸ் மிகச் சிறிதாக அடைத்துக்கொள்ளும். சின்னத் துளையில் ஒளி சிதறி, படம் மழுங்கும். ஷட்டரை ஏற்றிச் சமாளித்தால் நடை வெட்டி வெட்டித் தெரியும். 1/4, 1/16, 1/64 என்ற மூன்றும் முறையே 2, 4, 6 ஸ்டாப் குறைக்கும். ஐரிஸ் எஃப்4-க்கும் 5.6-க்கும் இடையில் நிற்கும்படி அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மண்டபத்துக்குள் நுழையும்போது என்டியை எடுத்துவிட வேண்டும். ‘உள்ளே இருட்டாக இருக்கிறது’ என்று கெயினை ஏற்றுவதற்கு முன் அந்தச் சுவிட்சை ஒருமுறை பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலும் மார்கழிப் பனியிலும் ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் பூக்கும். துடைத்தாலும் மறுபடி பூக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துப் பிறகு திறவுங்கள். பையில் சிலிக்கா ஜெல் இருக்கட்டும், இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் கடற்கரையில் எடுத்த அன்று இரவே யுவி ஃபில்டரில் படிந்த உப்பை முதலில் ஊதி, பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும்.

கார்டு கணக்கு: எக்ஸ்ஏவிசி எஸ் என்ற பதிவு முறையில், 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்) வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 22.5 ஜிபி. 64 ஜிபி கார்டில் இரண்டரை மணி நேரம் வரும். நாள் முழுக்க எடுக்கப் போகிறீர்கள் என்றால் மூன்று கார்டாவது கையில் வேண்டும்.