வயதானவர்கள் நடக்காததை நடந்ததாகச் சாதிப்பது ஏன்? பொய்யா, மறதி நோயா?

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவரைப் 'பொய் சொல்றாங்க' என்று ஒதுக்க ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 74 வயது. பிரஷர் மாத்திரையைத் திடீரென்று விட்டுவிட்டார். கேட்டால், "டாக்டர்தாண்டா நிறுத்தச் சொன்னாரு. ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்துல மாட்டிக்கிட்டே சொன்னாரு" என்றார். கிளினிக்கில் விசாரித்தால், டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. டோக்கனோடு காத்திருந்தவர்கள் முன்னால் நர்ஸ், "பாட்டி நல்லா கதை விடுறாங்க" என்று சிரித்தார். அம்மா அன்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

உண்மையில் மாத்திரையை விடச் சொன்னது எதிர்வீட்டு அக்கா, மாடிப்படியில் வைத்து. கேட்ட விஷயம் அம்மாவுக்கு அப்படியே நினைவிருக்கிறது, சொன்ன ஆள்தான் மாறிவிட்டார். எதைக் கேட்டோம், யாரிடம் கேட்டோம் என்ற இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவதில் மூளையில் நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்கும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிக்கும் பெரிய பங்கு உண்டு. வயதாக ஆக அந்த முடிச்சு தளர்கிறது. விட்டுப்போன இடத்தைத் தெரிந்த விவரங்களால் மனசே நிரப்பிக்கொள்கிறது. ஸ்டெதாஸ்கோப் வந்தது அப்படித்தான். இதில் பொய் எங்கே இருக்கிறது?

இளசுகளுக்கு வராது என்று நினைக்காதீர்கள். 1995இல் ரோடிகர், மெக்டெர்மாட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் படுக்கை, கனவு, களைப்பு, குறட்டை, கொட்டாவி என்ற மாதிரி வார்த்தைப் பட்டியல்களைப் படித்துக் காட்டினார்கள். 'தூக்கம்' பட்டியலிலேயே இல்லை. ஆனாலும், இப்படி விடுபட்ட வார்த்தைகளை முதல் சோதனையில் சுமார் 40 சதவீதம் 'கேட்டோம்' என்று எழுதினார்கள். என் அக்கா மகன், இன்ஜினியரிங் படிக்கிறவன், தாத்தா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டதாகச் சத்தியம் செய்வான். தாத்தா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவனை யாரும் 'கதை விடுறான்' என்று சொன்னதில்லை.

'டிமென்ஷியா என்ற மறதி நோயை மூடி மறைக்கிறாயா' என்று கமெண்டில் யாராவது கேட்பார்கள். இல்லை. பழகிய தெருவில் வழி தப்பினால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், உடனே நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நான் சொல்வது மற்றபடி தெளிவாக இருக்கும் பெரியவர்களைப் பற்றி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த மருந்துச் சீட்டு முழுக்க இங்கிலீஷ், அதுவும் கிறுக்கல். 'இந்த மாத்திரையை நிறுத்த வேண்டாம்' என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால், அம்மா யாரையும் நினைவு வைத்திருக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஃபீஸ் வாங்கும்போது மட்டும் எல்லாம் தமிழில் தெளிவாகச் சொல்கிறார்கள்.