காற்று முகத்தில் அடிக்கிறதா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கீமோ (புற்றுநோய்) மருந்துகளை நான்தான் கலக்கிக் கொடுக்கிறேன். லேமினார் ஃப்ளோ மேஜை, ஒரு ஜோடி கிளவுஸ், சர்ஜிகல் மாஸ்க், அவ்வளவுதான். கலக்கும்போது முகத்தில் சில்லென்று காற்று அடிக்கும். ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி டெஸ்ட் நார்மல். குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கிறோம். இந்த வேலையைத் தொடரலாமா?
பெயர் வெளியிட வேண்டாம், கடலூர்

பதில்: அந்தச் சில்லென்ற காற்றுதான் வினை. பின்பக்கத்திலிருந்து உங்களை நோக்கி வீசும் மேஜை மருந்தில் கிருமி சேராமல் பார்த்துக்கொள்ளும், உங்களைக் காப்பாற்றாது. தெறிக்கும் நுண்துளி அத்தனையும் உங்கள் பக்கம்தான் வரும். கீமோ கலக்க அந்த மேஜையை இனித் தொடாதீர்கள். வேண்டியது, காற்றை உங்கள் பக்கம் விடாமல் உள்ளே இழுக்கும் கிளாஸ் டூ பயோசேஃப்டி கேபினட். அதன் வெளியேற்றுக் காற்றும் குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே போகவேண்டும். ஹெப்பா ஃபில்டர் துளியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஏசி அறைக்குள்ளேயே விட்டால் அதே காற்றுதான் சுற்றும்.

சிபிசி நார்மல் என்பதை வைத்து ஆறுதல் கொள்ள வேண்டாம். உடம்புக்குள் மருந்து போயிருக்கிறதா என்று அந்த டெஸ்ட் சொல்லாது. கீமோ மருந்தைக் கையாண்ட நர்ஸ்களின் சிறுநீரில் மரபணுவை மாற்றும் தன்மை கூடியிருப்பதை 1979-லேயே ஃபின்லாந்தில் கண்டார்கள்.

மூக்கைவிட அதிகம் கவனிக்க வேண்டியது தோல். கம்பெனியிலிருந்து வரும் மருந்துக் குப்பியின் (வயல்) வெளிப்புறத்திலேயே மருந்து ஒட்டியிருக்கும். அதனால் பெட்டியைப் பிரிக்கும்போதே கிளவுஸ் வேண்டும். கலக்கும்போது இரண்டு ஜோடி, கீமோவுக்கென்று பரிசோதித்தவை, பவுடர் இல்லாதவை. உள் ஜோடி கவுனின் கைக்குள்ளே, வெளி ஜோடி அதன் மேலே. அரை மணிக்கு ஒரு தடவை மாற்றுங்கள், கிழிந்தால் உடனே. சர்ஜிகல் மாஸ்க் இதற்கு உதவாது.

பெரும்பாலான தெறிப்பு வயலுக்குள் ஏறும் அழுத்தத்தால் வருகிறது. 500 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைடு பொடியில் 25 மில்லி தண்ணீரை ஒரே மூச்சில் தள்ளினால் உள்ளே இருந்த காற்றுக்குப் போக்கிடம் இல்லை. ஊசியை உருவியதும் புஸ்ஸென்று பீய்ச்சும். கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், அதே அளவு காற்றைச் சிரிஞ்சுக்குள் வரவிடுங்கள், மறுபடி கொஞ்சம். உருவும் முன் பிளஞ்சரைச் சற்றுப் பின்னிழுத்து வயலுக்குள் அழுத்தத்தைக் குறையுங்கள். ஊசியைத் திருகிப் பூட்டும் லூயர் லாக் சிரிஞ்சையே எடுங்கள். முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். ஐவி செட்டில் (டிரிப்ஸ் குழாயில்) முதலில் வெறும் சலைனை ஓட்டி நிரப்பிவிட்டு, பிறகே பாட்டிலில் மருந்தைச் சேருங்கள். வார்டில் காற்றை வெளியேற்றுகிறேன் என்று மருந்தைத் தரையில் சொட்டவிடும் பழக்கம் அத்தோடு போகும்.

ஸ்பிரிட்டால் துடைத்தால் சுத்தம் என்பது தப்பு. ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும், கீமோ மருந்தை அழிக்காது, இழுத்துப் பரப்பும். முதலில் ஹைப்போகுளோரைட் (பிளீச் கரைசல்), அது ஸ்டீலை அரிக்காதபடி பிறகு சோப்புத் தண்ணீர், வெறும் தண்ணீர், கடைசியில்தான் ஸ்பிரிட். வேலை முடிந்ததும் கைக்குச் சானிடைசர் போதாது, சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

காலி வயலும் கிளவுஸும் சைட்டோடாக்ஸிக் லேபிள் ஒட்டிய மஞ்சள் பையில் போகட்டும். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி மீந்த, காலாவதியான கீமோ மருந்தை 1200 டிகிரிக்கு மேல் எரிக்கவேண்டும். சிவப்புப் பையில் விழுந்தால் நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குப் போகும். அந்தச் சூட்டில் மருந்து அழியும் என்று நம்ப முடியாது.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. தொடர வேண்டாம். கரு உருவாகி உறுப்புகள் பிடிக்கும் நாட்களில் பலருக்குக் கருத்தரித்ததே தெரியாது. அதனால் டெஸ்ட் பாசிட்டிவ் வரும்வரை காத்திருக்காமல், கலக்கும் பொறுப்பிலிருந்து மாற்றித் தரும்படி இன்றே நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த மருந்து, எத்தனை மாதமாக என்ற பட்டியலை மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் இடத்துக்கு ஆண் ஒருவரைப் போட்டால் தீர்ந்தது என்று நினைக்கக்கூடாது, விந்தணுவையும் இந்த மருந்துகள் பாதிக்கும்.

புதிதாக வருபவருக்கு ஒரு பயிற்சி கொடுத்துவிட்டுப் போங்கள். டாக்ஸோரூபிசின் சிவப்பு, சிந்தினால் தெரியும். சைக்ளோபாஸ்பமைடு தண்ணீர் மாதிரி, சிந்தியதே தெரியாது. காலி சலைன் பாட்டிலில் தண்ணீரும் ஒரு சிட்டிகை கேசரி பவுடரும் கலந்து, வெள்ளைத் தாளை விரித்து, வெள்ளைக் கிளவுஸ் போட்டு, சிரிஞ்சில் எடுப்பதும் மாற்றுவதுமாகப் பத்துத் தடவை செய்யச் சொல்லுங்கள். தாளிலும் விரலிலும் எத்தனை ஆரஞ்சுப் புள்ளி என்று அவரே எண்ணட்டும். ஒன்றுகூட விழாத பிறகு நிஜ மருந்தைக் கொடுங்கள்.