மொத்தக் கணக்கும் பிரித்த கணக்கும்

கேள்வி: எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சிகிச்சை நல்லது, வகை பிரித்துப் பார்த்தால் அதுவே மட்டம் என்று வருமா? வந்தால் எதை நம்புவது?

பதில்: வரும். மருத்துவ ஆய்வுகளுக்குக் கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே ஒரு பழைய கணக்கைக் கொடுத்துவிடுவேன்.

1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது, சிறுநீரகக் கல் பற்றி. திறந்து செய்த அறுவை சிகிச்சையில் 350 பேரில் 273 பேருக்குப் பலன். சிறு துளையிட்டு எடுத்ததில் 350க்கு 289. அதாவது 78 சதவீதம், 83 சதவீதம். துளைதான் மேல் என்று தோன்றும். சரி, கல்லின் அளவைப் பாருங்கள். 2 சென்டிமீட்டருக்குக் குறைவான கல் என்றால் திறந்த முறையில் 87க்கு 81, துளையில் 270க்கு 234. பெரிய கல் என்றால் 263க்கு 192, 80க்கு 55. வகுத்துப் பாருங்கள், இரண்டிலுமே திறந்த முறைதான் முந்துகிறது!

சூட்சுமம் ஒன்றுமில்லை. பெரிய கல்காரர்கள் பெரும்பாலும் கத்திக்குப் போயிருக்கிறார்கள். பெரிய கல் எந்த முறைக்கும் எளிதில் மசியாது. சிகிச்சையைத் தேர்வு செய்வதிலும் முடிவிலும் ஒருசேரக் கை வைக்கும் இதைத்தான் குழப்பும் காரணி என்கிறோம். இரு முறைக்கும் சிறிய கல், பெரிய கல் ஒரே விகிதத்தில் வந்திருந்தால் என்று திருத்திக் கணக்கிட்டால் 83, 78 அப்படியே இடம் மாறுகிறது.

அதற்காக, கிடைத்ததை எல்லாம் வைத்துப் பிரிக்கக் கூடாது. அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். இரத்த அழுத்த மாத்திரை பக்கவாதத்தைத் தடுக்கிறதா என்ற ஆய்வில், மாத்திரை தொடங்கிய பிறகு எடுத்த அழுத்த அளவை வைத்துத் திருத்தினேன். மாத்திரையின் பலன் கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டது. போகாமல் என்ன செய்யும்? அழுத்தத்தைக் குறைத்துத்தானே அது வேலை செய்கிறது! கல்லின் அளவு சிகிச்சைக்கு முந்தையது, இது பிந்தையது. எண்களை மட்டும் எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் தெரியாது. டாக்டரைக் கேட்க வேண்டும்.

அப்புறம், கல் கணக்கிலும் ஒரு வில்லங்கம் உண்டு. திறந்த முறை நோயாளிகள் 1972 முதல் 80 வரை வந்தவர்கள், துளை முறைக்காரர்கள் 80 முதல் 85 வரை. காலமும் ஒரு குழப்பும் காரணியாக இருக்கலாம். இங்கே அதை வைத்துப் பிரிக்கவும் வழியில்லை, ஒரே காலத்தில் இரண்டு முறையும் இல்லையே. சீட்டுக் குலுக்கி ஆளைப் பிரித்திருந்தால் இந்தத் தலைவலியே இருந்திருக்காது.