வெள்ளி பூசிய கேபிளில் பாட்டு தெளியுமா?

கேள்வி: ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர்களுக்குப் போட, வெள்ளி முலாம் பூசிய, டெஃப்லான் உறையுள்ள கேபிளுக்கு 40,000 ரூபாய் விலை சொல்கிறார்கள். உள்ளே அப்படி என்ன இருக்கிறது? வாங்கலாமா?
– ஒரு வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: உறையை உரித்தால் உள்ளே இருப்பவை மெல்லிய செம்பு இழைகளை முறுக்கிச் செய்த இரண்டு கம்பிகள்தாம். வெள்ளியின் மின்தடை செம்பைவிடச் சுமார் 6 சதவீதம் குறைவு என்பது உண்மை. ஆனால் பூச்சின் கனமோ சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). காதுக்கு எட்டும் உச்ச அதிர்வெண்ணான 20,000 ஹெர்ட்ஸில்கூட மின்னோட்டம் செம்புக்குள் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் ஆழம்வரை பரவுவதால், மேற்பூச்சுக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

ஒலியைப் பாதிப்பது கம்பியின் பருமனும் நீளமும். 5 மீட்டர் தொலைவுக்கு, போக வர 10 மீட்டராகக் கணக்கிட்டால், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை 0.07 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே தொலைவுக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டால் தடை 0.34 ஓம் ஆகிவிடும். ஸ்பீக்கரின் தடை ஒவ்வொரு சுருதிக்கும் மாறுவதால், அப்போது சில சுருதிகள் சற்றே அமுங்கும். (திருவிழாவில் தெரு நெடுகக் கட்டும் கூம்பு ஸ்பீக்கர்களுக்கு மெல்லிய ஒயரே போதுமானதாக இருப்பது, மைக் செட்டுக்காரர்கள் 100 வோல்ட் லைனில் மின்னழுத்தத்தை உயர்த்தி மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்புவதால்தான்.)

ஆகவே தருமபுரியில் நல்ல எலக்ட்ரிக்கல் கடையில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைக் கேட்டு வாங்குங்கள். ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெளுப்பாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், தடை ஒன்றரை மடங்கு. விலை உயர்ந்த கேபிளை வாங்கியே தீர வேண்டும் என்று தோன்றினால், முதலில் ஒலியளவை மாற்றாமல், எந்த கேபிள் ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்லாமல், வேறொருவரை மாற்றி மாற்றி இணைக்கச் சொல்லிக் கேளுங்கள். பெயர் தெரியாமல் கேட்டும் வித்தியாசத்தைச் சரியாகச் சொல்ல முடிந்தால் மட்டுமே அந்தப் பணத்தைக் கொடுங்கள்.

பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் சிக்னல் கேபிளின் கதை வேறு. அதில் ஓடுவது பலவீனமான சிக்னல் என்பதால், மையக் கம்பியைச் சுற்றி நெருக்கமாகப் பின்னிய செம்பு வலை அவசியம். அது இல்லாவிட்டால் பக்கத்து மின்வயரின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் பாட்டோடு கலந்துவிடும்.

இணைக்கும்போது இரண்டு ஸ்பீக்கரிலும் சிவப்பு முனை சிவப்புக்கே போகிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் மாறினாலும் பேஸ் மெலிந்து, பாடகர் குரல் நடுவில் நிற்காமல் சிதறும்.